அடுப்படிக் கரி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் இன்னும் கறுப்புத்தான். தலைமுறைகள் விறகு எரித்த கறுப்பு. அப்பத்தா கடைசி வருஷங்களில் இருமிக்கொண்டே இருந்தாள். வயசு என்றோம்.

இவ்வூர் அண்ணாமலை செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் வீ. ராமநாதன். முதலில் செகந்திராபாத் குளிர்பதனப்பெட்டி ஆலையில் வேலை. வாயு கசியாமல் பார்க்க வேண்டும். அவ்வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவினுடையதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது என்று 1975இல் அமெரிக்காவில் அவரே கண்டார். கசிவது எங்கும் போய்விடுவதில்லை என்பதே அவர் வாழ்நாள் விஞ்ஞானம் என்று தோன்றுகிறது.

பிறகு கலிபோர்னியாவில் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனம். பால் க்ருட்ஸனோடு அவர் தலைமையேற்ற இண்டோயெக்ஸ் ஆய்வு, 1999இல் பல தேசத்து விஞ்ஞானிகளை மாலத்தீவில் கூட்டியது. பனிக்காலத்து இந்தியப் பெருங்கடலின்மேல் பழுப்புப் புகைமூட்டம் பரந்து கிடந்தது; கடலில் விழும் வெயிலையே அது குறைத்தது. ஆலைப்புகை, வண்டிப்புகையோடு விறகடுப்புப் புகையும் அதில் இருந்தது.

எங்களவர்கள் வட்டித்தொழிலுக்காகப் பர்மாவுக்குக் கடல் தாண்டியதைப் பெருமையாகச் சொல்வோம். அடுப்படியும் கடலுக்குப் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. கடலுக்குப் போகுமுன் அது அப்பத்தாவின் நெஞ்சைக் கடந்தது.

வயசு என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.