மாடு தின்னும் சுவரொட்டி, மனுஷன் தின்னும் சுவரொட்டி!

திருவண்ணாமலையில் இரண்டு வகைச் சுவரொட்டி உண்டு. ஒன்றில் தலைவர்கள் கும்பிட்டபடி சிரிப்பார்கள். பசை காய்வதற்குள் மாடு வந்து மேய்ந்துவிடும். இன்னொன்று, விடிகாலையிலேயே கறிக்கடைக்குப் போகிற மனுஷனுக்கு மட்டும் கிடைக்கும். ஆட்டின் மண்ணீரல்! சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர். வீசிப் பார்த்த யாரையும் நான் சந்தித்ததில்லை. விற்கிற விலைக்கு யார் சார் வீசுவார்கள்?

ஓர் ஆட்டுக்குக் கால் நாலு. சுவரொட்டி ஒன்றே ஒன்றுதான். அதனால் போளூர் ரோட்டுப் பக்கம் நான் போகிற கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை தனி ரிசர்வேஷனே நடக்கும்.

"பாய், பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுவரொட்டி எடுத்து வெச்சிடுங்க."

"நேத்தே ரெண்டு பேர் சொல்லி வெச்சிட்டாங்கம்மா. ஈரல் தரட்டுமா?"

அந்த இடத்தில் 'அரை கிலோ, எலும்பு இல்லாம' என்று கேட்கும் ஆபீஸ் ஆசாமிக்கு மரியாதையே கிடையாது.

சமைக்கப் பெரிய வித்தை வேண்டாம். கம்பியில் குத்தி, கரித் தணலில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். மேல்தோல் கருகிச் சுருங்கும். அதை உரித்து, வில்லை போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவினால் ஆயிற்று. ஈரலைவிட மெத்தென்று இருக்கும். வாயில் லேசாக இரும்பு வாசனை அடிக்கும். வாசனை பொய் சொல்லவில்லை. 100 கிராம் செம்மறியாட்டு மண்ணீரலில் இரும்புச்சத்து சுமார் 40 மில்லிகிராம்; ஈரலில் 7 தான். லேப் இல்லாமலே பாட்டிமார்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்! (யூரிக் ஆசிட் பார்ட்டிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு உட்காரவும்.)

குடல் கதை வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு அலசி, வெந்நீரில் முக்கிச் சுரண்டி... பாதி நாள் போய்விடும். நல்ல கறி வாங்கக் காசில்லாத வீடுகளில் பெண்கள் கைவலியால் உண்டாக்கிய ருசி அது.

ஜப்பானில் ஒசாகா பக்கம் மாட்டுக் குடலையும் பன்றிக் குடலையும் தணலில் வாட்டி 'ஹோருமோன்' என்று விற்கிறார்கள். 'தூக்கி எறிய வேண்டியது' என்ற அந்த ஊர்ப் பேச்சிலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். அங்கே தூக்கி எறிந்தது, இங்கே சுவரில் வீசியது. ஏழை எடுத்துச் சுட்ட பிறகுதான் ஊருக்கே ருசி தெரிந்தது!

'கோயில் ஊரில் இதெல்லாமா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிரிவலப் பாதையில் அசைவ ஓட்டல் இருக்கலாமா என்று 2023-ல் ஆளுநரும் அமைச்சரும்கூடக் கருத்துச் சொன்னார்கள். காளத்தியில் கண்ணப்பர் என்ன செய்தார்? பன்றிக்கறியை நெருப்பில் வாட்டி, பல்லால் பதம் பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிச் சிவனுக்கே கொடுத்தார். அவரை வெளியே நிறுத்தவில்லை. அறுபத்து மூவரில் ஒருவராக நம்மூர்க் கோயிலுக்குள்ளேயே நிற்கிறார்.

கடைசியாக, தள்ளுவண்டியில் குடல் வறுவல் போடும் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பௌர்ணமின்னா லட்சக்கணக்குல ஜனம் வருதே, யாவாரம் பிச்சுக்குமேக்கா?"

அக்கா சிரித்தது. "அன்னிக்கு வண்டியே எடுக்கமாட்டேன் தம்பி. தினம் எங்கிட்ட துன்றவங்க எல்லாம் மலை சுத்தப் போயிடுவாங்க. நானும்தான், பதினாலு கிலோமீட்டரும் செருப்பில்லாம!"