கோட்டம் எடுப்பவர்

நண்பரின் மகனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்தது. டிப்ளமோ படித்தவன். ஷிப்ட் வேலை. வாங்கிய சம்பளத்தில் கை வைக்காமல் சேர்த்துக்கொண்டு, வாங்கினால் பழைய புல்லட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். தவணையில் புது வண்டி எடுத்துத் தருகிறேன் என்று அப்பா இறங்கி வந்தும் அசையவில்லை. அழிந்துவரும் தொழில்களைப் பற்றி எழுதித் திரிகிறவனுக்குப் பழைய வண்டியைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நண்பர் என்னிடம் அனுப்பிவைத்தார். எனக்குத் தெரிந்தது வண்டி இல்லை, ஒரு மெக்கானிக். அவரிடம் கூட்டிப்போனேன்.

செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டுரோடு தாண்டி, கவரைப்பேட்டைக்குப் பிறகு நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அவர் பட்டறை. தகரக் கூரை, ஒரு லேத், ஒரு வேப்பமரம். பெயர்ப்பலகை கிடையாது. 'பாய் கடை' என்றால் லாரி டிரைவர்கூட வழி சொல்வார். சாலையில் ஒரு பக்கம் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் கும்மிடிப்பூண்டிக்குப் போகின்றன. மறுபக்கம் முறுக்குக் கம்பிக் கட்டுகள் திரும்பி வருகின்றன. இங்கேயுள்ள மின்தூண்டல் உலைகளில் பழைய இரும்பை உருக்கி வார்த்து, உருட்டாலைகளில் கம்பியாக இழுக்கிறார்கள். கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிள்களும் அந்த லாரிகளில் உண்டு. ஒரு புல்லட் 160 கிலோவுக்கு மேல் எடை. நிறுத்துப் போட்டால் அதற்கும் ஒரு விலை வரும்.

"இன்னா வண்டி வேணும் தம்பிக்கு?"

"விண்டேஜ் புல்லட், பாய்."

பாய் சிரித்தார். சட்டத்தில் விண்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, அணிவகுப்புக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம். ராத்திரி ஷிப்ட் முடித்து வீடு திரும்ப அது உதவாது. பையனுக்கு வேண்டியது சாதாரணப் பதிவிலேயே உயிரோடு இருக்கும் பழைய வண்டி. 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணத்தை 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியபோதே பலர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றார் பாய். முதலில் ஆர்.சி. புக்கைக் காட்டச் சொல், அப்புறம் வண்டியைக் காட்டச் சொல் என்பது அவர் கணக்கு.

மற்ற வண்டிகளை அவர் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போனார். ஆர்.எக்ஸ். 100 என்றதும் கையை வீசினார். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. இன்று அதன் பெயருக்கே விலை, பாதி உதிரி பாகம் போலி. மைசூரில் செய்த ஜாவாவும் யெஸ்டியும் அவருக்குப் பிடித்தவை. கிக்கரையே மடக்கினால் கியர் லீவராகிவிடும் அந்த ஏற்பாட்டை ஒரு வண்டியில் செய்து காட்டினார். ஆனால் தொழிற்சாலை 1996-இல் மூடிவிட்டது. முதல் வண்டி வைத்திருப்பவன் சாமானுக்கு ஊர் ஊராக அலையக் கூடாது. புல்லட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்திய ராணுவத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்த வண்டியை 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் திருவொற்றியூரில் பூட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் மூடிய பிறகும் இங்கே ஏறத்தாழ அதே வார்ப்பிரும்பு இன்ஜின் 2000-களின் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. அதனால் சென்னை புதுப்பேட்டை உதிரி பாகக் கடைகளில் தேடினால் அநேகமாக எந்தப் பாகமும் கிடைக்கும். 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை திருவொற்றியூர் இந்தத் திருவள்ளூர் மாவட்டம்தான். சொந்த ஊர்ச் சரக்கு என்றே பாய் பேசுகிறார்.

பையன் போனில் ஒரு படம் காட்டினான். மெரூன் நிறம், தங்கக் கோடு, புது சீட். திருவள்ளூர் பக்கம் ஒரு வியாபாரியிடம் நிற்கிறதாம். மூவருமாகப் போனோம். காலை நேரம். வியாபாரி வந்து கிக் அடிப்பதற்கு முன்பே பாய் போய் சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டி, சூடாக்கி, நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் உதைத்தால் தெரிகிற கோளாறை மறைக்கும் வேலை அது. அடுத்து சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து டேங்க் மேல் ஊரவிட்டார். மேலே ஒட்டியது. முழங்கால் படும் இடத்தில் நழுவி விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டி. பேரம் பேசாமல் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம். பையன் வழியெல்லாம் பேசவில்லை.

பட்டறையில் அன்று கழற்றிப் போட்டிருந்த இன்னொரு புல்லட்டின் கிராங்க் காத்திருந்தது. வயரிங், குரோம் பூச்சு, பெயிண்ட் எல்லாம் நான் பார்த்தும் பார்க்காமலும் கடந்து வந்தவை. கிராங்க் வேலையில் மட்டும் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்கள், நடுவில் ஒரு பின், அதில் கனெக்டிங் ராடு. சக்கரங்களின் வெளிப்பக்கம் ஆளுக்கொரு தண்டு. ராடு மாற்ற இதைப் பிரித்தாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். ஆயிரத்தில் இரண்டு அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோட்டம் இருந்தால் இன்ஜின் நடுங்கும், பேரிங் சீக்கிரம் போகும். பாய் அதை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவில் நிறுத்தி, தண்டின் மேல் டயல் கேஜ் முள்ளைத் தொடவிட்டு மெல்லச் சுற்றினார். முள் ஏறி இறங்கியது. ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கழற்றி இடக்கையில் தூக்கிப் பிடித்து, கோட்டின் மேல் ஒரே அடி. மறுபடி லேத்தில். முள் கொஞ்சம் அடங்கியது. இன்னொரு அடி, முன்னதைவிட மென்மையாக. எவ்வளவு பலம் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

அடித்தது செப்புச் சுத்தியலால். இரும்புச் சுத்தியல் சக்கரத்தைக் காயப்படுத்திவிடும். செம்பு தான் நசுங்கி சக்கரத்தைக் காப்பாற்றும். அந்தச் சுத்தியலின் முகம் காளான்போல் விரிந்து கிடந்தது. இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய செப்புக் கட்டையை லேத்தில் கடைந்து, வேப்பங்கிளையைப் பிடியாகப் போட்டுத் தானே செய்தது. அடி வாங்க வாங்கச் செம்பு இறுகும். இறுகினால் அதுவும் காயப்படுத்தும். அதனால் அவ்வப்போது பிடியைக் கழற்றிவிட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுகிறார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், செம்பை அப்படிப் போட்டால் இளகும். "அது குணம் வேற, இது குணம் வேற. ரெண்டையும் ஒண்ணா நடத்தக் கூடாது" என்றார் பாய்.

பாய்க்கு இந்த வேலை சைக்கிள் கடையில் தொடங்கியது. பொன்னேரியில் அவர் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரிம்முக்குக் கோட்டம் எடுக்க உட்கார வைத்துவிடுவார். கம்பிகளை விரலால் சுண்டி ஓசை கேட்டு, எது தளர்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். பிறகு திருவொற்றியூரில் ஓர் உஸ்தாதிடம் எடுபிடி. ஏலத்தில் வந்த போலீஸ் புல்லட்டுகளைப் பிரித்துக் கழுவிய மண்ணெண்ணெயில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போகுமாம். கூலி கிடையாது. சாப்பாடும், வெள்ளிக்கிழமை பாதி நாள் லீவும். கல்யாணமான பிறகு மாதச் சம்பளம் வேண்டுமென்று கும்மிடிப்பூண்டியில் ஓர் உருட்டாலையில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தார். உருளைகளுக்குக் காடி வெட்டும் லேத் வேலை. ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி எகிறிப் பாம்பாகச் சுருண்டு வந்தது. கெண்டைக்காலில் பட்டது. லுங்கியை மடித்து அந்தத் தழும்பைக் காட்டினார். ஒப்பந்தக்காரர் மருத்துவச் செலவில் பாதியைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லியனுப்பினார். அந்தத் தழும்போடு வந்து போட்டதுதான் இந்தத் தகரக் கூரை.

ஆலையிலிருந்து கொண்டுவந்த சொத்து, இரும்புக் குடோன்களில் பழக்கம். உலைக்குப் போகும் சரக்கைப் பிரிக்கும் ஆட்கள் மூடிய பொருளைத் தனியே எடுத்துப் போடுவார்கள். வாய் அடைத்த ஷாக் அப்சார்பர் உருகும் இரும்புக்குள் விழுந்தால் வெடிக்கும். அப்படிப் பிரிக்கும்போது பழைய புல்லட் ஹப்போ, கியர் பாக்ஸ் மூடியோ கண்ணில் பட்டால் பாய்க்குப் போன் வரும். எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கிவருவார். புதுப்பேட்டைக் கடைகளில் கிடைக்காத மூல வார்ப்புகள் அவர் அலமாரியில் இருக்கின்றன.

இப்போது அந்த மெரூன் வண்டிக்கு வருகிறேன். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு பக்கக் கிராமங்களில் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் வண்டியைத் தரகர் எடை விலையைவிடச் சற்றுக் கூடக் கொடுத்து எடுக்கிறார். பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, 'ரெஸ்டோர்டு' என்று போனில் படம் போடுகிறார். சில இடங்களில் இன்ஜினைப் பிரிப்பதே இல்லை. பிரிக்கக் கொடுத்தால் பாய் மாதிரி ஒருவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. அதையும் வண்டி விற்ற பிறகு தருகிறேன் என்பார். புது வண்டி விலைக்கு அதை வாங்கிப் போகிற இளைஞன் மூன்றாம் மாதம் கிராங்க் தட்டுகிறது என்று எங்கே வருவான்? பாயிடம்தான். அதற்குள் கையில் காசு தீர்ந்திருக்கும். வண்டியை விற்ற கிழவருக்கும் லாபமில்லை, வாங்கிய பையனுக்கும் லாபமில்லை, கழற்றிப் பூட்டியவருக்கும் இல்லை. நடுவில் படம் எடுத்தவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு? பழமையைக் காப்பாற்றுகிறோம் என்று பேசுகிறவர்கள் விலையில் கூலியின் பங்கு எவ்வளவு என்று ஒருதடவை கேட்டுப் பார்க்கட்டும். என் கோபம் பாய்க்குச் சங்கடமாக இருந்தது. "நமக்கும் அவங்க வேல கொடுக்கிறாங்களே சார்" என்று முடித்துக்கொண்டார். வேலை கொடுப்பதும் கூலி கொடுப்பதும் ஒன்றில்லை என்று நான் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை.

பையனுக்குப் பாய் தனது புல்லட்டைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். கியர் வலது காலில்: முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பின் பிரேக் இடது காலில். கற்றுக்கொள்ளும்போதே இதில் கற்றால் சிரமமில்லை. தொழிற்சாலையில் நண்பன் வண்டியை அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் கால் தவறும் என்று எச்சரித்தார். கிக் அடிக்கும் முறையும் சொல்லிக்கொடுத்தார். கைப்பிடிக்கு அருகில் உள்ள டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லீவரை விட்டு, பிறகு முழு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. டிரம் பிரேக், எனவே நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டே போக வேண்டும். பழைய 6 வோல்ட் விளக்காக இருந்தால் ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆகாது, 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கார்புரேட்டர் ரப்பர்களை ஊறவைக்கும், ஈரம் வாங்கும். ஓட்டாமல் நிறுத்தி வைப்பதானால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பையன் மனம் மாறவில்லை. பாய்க்கு அது பிடித்துப்போனது. ஊத்துக்கோட்டைக்கு அருகே ஒரு வீட்டில் 1980-களின் புல்லட் ஒன்று நிற்பதாகச் சொன்னார். ஓட்டியவர் பள்ளி ஆசிரியர், காலமாகிவிட்டார். பெயிண்ட் அடிக்காத வண்டி, துருப்பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் மெல்லிய தாளும் எடுத்துப் போய் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டோம். ஒத்துப்போனது. ஆனால் பதிவு இன்னும் ஆசிரியர் பெயரிலேயே இருக்கிறது. முதலில் வாரிசுச் சான்று வாங்கி, படிவம் 31 கொடுத்து ஆசிரியரின் மனைவி பெயருக்கு மாற்றி, புதுப்பித்து, அதன் பிறகு 29, 30 போட்டுப் பையன் பெயருக்கு.

"அதுவரைக்கும் இதுல நான் ஸ்பேனர் போட மாட்டேன்" என்று பாய் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். பையன் தாசில்தார் அலுவலகத்துக்கு எந்த ஷிப்ட்டில் லீவு போடலாம் என்று அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.