சிலைக்குக் கீழே ஒரு பாறை

கன்னியாகுமரிக்குப் போகாத தமிழ்நாட்டுக்காரர்கள் குறைவு. பள்ளிச் சுற்றுலா, கல்லூரிச் சுற்றுலா, திருச்செந்தூர் போய்விட்டு அப்படியே ஒரு நடை... எப்படியாவது போயிருப்போம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் விவேகானந்தர் மண்டபம், 133 அடி வள்ளுவர் சிலை, சூரிய உதயம், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் என்று பட்டியல் வரும். இத்தனையையும் சுமக்கிற பாறையைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் படிப்பது பி.காம். கல்லுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஜியாலஜி படிக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அங்கே போனால் சிலைப் பக்கம் திரும்பவே மாட்டான், உட்கார்ந்து கல்லைத் தடவிக்கொண்டிருப்பான். அவனிடமிருந்து தொற்றிய வியாதி இது.

குமரிமுனைப் பாறைகளில் முக்கியமானது சார்னோகைட். பெயர் வந்த கதையே தமாஷ். கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயருடைய கல்லறைக் கல், நம் பல்லாவரம் பக்கத்துக் கல். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து எழுதினார், சார்னாக்கின் பெயரே கல்லுக்கும் வந்துவிட்டது. கல் நம்முடையது, பெயர் அவருடையது!

வெளிப்பக்கம் பார்த்தால் சாதாரணப் பழுப்புதான். உடைந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. அலை ஏறி இறங்கிய அடுத்த நிமிடம் பார்த்தால் இன்னும் அழகு. சில கற்களில் மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள் தெரியும், அது கார்னெட். வரி வரியாக வளைந்து போகும் கற்களும் உண்டு. கல் எப்படி வளையும்? பூமிக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரி சூட்டில் கிடந்தால் வளையும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறைகள் அப்படித்தான் வெந்தன. அப்போது இங்கே கடலே இல்லை. இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த கோண்டுவானாவின் நடுப்பகுதி இது. அதனால்தான் இதே ஜாதிக் கற்கள் இன்றைக்கும் அந்த மூன்று இடங்களிலும் கிடைக்கின்றன. இமயமலை எழ ஆரம்பித்தது வெறும் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். குமரிக்கு முன்னால் இமயம் கைக்குழந்தை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கியலில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் எழுதுவோம், நிலத்துக்கு எழுத மாட்டோம். இயற்கை அதற்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. உள்நாட்டுப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலை சலித்துக் கரையில் ஒதுக்கியதுதான் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கும் கலர் மணல். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். மஞ்சள் பழுப்பில் மோனசைட்டும் கலந்திருக்கும், அதில்தான் தோரியம் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் கரைக்கு விலை வந்துவிட்டது.

விலை வந்தால் வில்லங்கமும் வரும். தனியார் தாது மணல் எடுப்பதை 2013-இல் தமிழக அரசு நிறுத்தியது. அரசு நிறுவனம் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கரையோர மக்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தோரியம் நாட்டுக்குத் தேவை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வணிகவியல் மாணவனாக ஒன்று உறுத்துகிறது. மூலதனத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதினால் எங்கள் வாத்தியார் பெயில் போடுவார். இந்த மணல் கோடி ஆண்டு மூலதனம். அள்ளியதை அலை எந்த நிதியாண்டில் திருப்பித் தரும்? கரை கரைந்தால் முதலில் வீடு இழப்பவர்கள் மீனவர்கள். அந்த நஷ்டம் எந்த லெட்ஜரில் ஏறும் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த முறை போகிறவர்கள், படகுக்கு வரிசையில் நிற்கும் முன் முக்கூடல் துறைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லின் வரிகள் நன்றாகத் தெரியும். பார்த்துக் கால் வையுங்கள், பாசி வழுக்கும்.