வலி நின்றபோது

தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளி விடுமுறையில் கேமரன் மலையில் விடியற்காலையில் நடுங்கி நின்றதையே கடுங்குளிர் என்று எண்ணியிருந்தேன். மேற்படிப்புக்காகக் கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள ஷெர்புரூக் நகருக்குச் சென்ற முதல் ஆண்டில்தான் அந்த எண்ணம் மாறியது.

அது பிப்ரவரி மாதம். வகுப்புத் தோழன் ஒருவன், வால்கூர் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த தன் வீட்டிற்கு என்னை அழைத்துச் சென்றான். அவனுடைய தந்தை ஒரு விவசாயி. மேப்பிள் மரத் தோப்பிலிருந்த குடிலைப் பார்த்துவர அவர் புறப்பட்டார். “நீயும் வருகிறாயா?” என்று என்னிடம் கேட்டார். ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உடனே ஒப்புக்கொண்டேன்.

அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை. புறப்படும் முன் அவர் ஒரு சோடி பழைய கையுறைகளை என்னிடம் நீட்டினார். தடித்த தோலால் ஆன அவற்றில் கட்டைவிரலுக்கு மட்டுமே தனி இடம் இருந்தது. மற்ற நான்கு விரல்களும் ஒரே பைக்குள் அடங்கிவிடும். ஓரங்களில் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள். நானோ, சேமித்த பணத்தில் கறுப்பு நிறத்தில் புதிய கையுறைகள் வாங்கியிருந்தேன். அவை கைகளை இறுக்கிப் பிடித்து அழகாக இருந்தன.

“எனக்கு இவையே போதும்,” என்றேன்.

அவர் என் கைகளை ஒரு கணம் பார்த்தார். வற்புறுத்தவில்லை. பழைய கையுறைகளைத் தம் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவர் முன்னால் சென்றார், நான் நடுவில், தோழன் பின்னால். பனியூர்தியை முடுக்குவதற்கு வலக் கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு இடக்கை விரல்களால் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். கைப்பிடிகளில் மின்சூடு இருந்ததால் எனக்குக் கவலையே இல்லை. வழியில் இரண்டு முறை நின்று, கையுறைகளைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தேன். பனியைக் கையால் அள்ளியும் விளையாடினேன். அதனால் கையுறைகள் ஈரமானதை நான் பொருட்படுத்தவில்லை.

சற்று நேரத்தில் விரல்நுனிகளில் ஊசி குத்துவது போன்ற வலி தொடங்கியது. நேரம் செல்லச் செல்ல வலி கூடியது. நின்று சொல்லியிருக்கலாம். ஆனால், கொடுத்த கையுறைகளை வேண்டாம் என்று சொன்னவன் எப்படிப் போய்க் கேட்பது? வெட்கம் என் வாயை அடைத்துவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு வலி நின்றுவிட்டது. “அப்பாடா, உடல் குளிருக்குப் பழகிவிட்டது!” என்று மகிழ்ந்தேன்.

அடுத்த சரிவில் பாதை வளைந்தது. முன்னால் சென்றவர் தம் ஊர்தியை நிறுத்தியிருந்தார். நான் பிரேக்கைப் பிடிக்க முயன்றேன். என் விரல்கள் மடங்கவில்லை. அவை யாருடைய விரல்களோ போல அப்படியே இருந்தன. கட்டைவிரலையும் நெம்புகோலிலிருந்து உடனே எடுக்க முடியவில்லை. கையை முழுவதுமாக இழுத்துக்கொண்டு, உடலைச் சாய்த்து ஊர்தியைத் திருப்பினேன். அது பாதையைவிட்டு விலகி, மென்பனிக்குள் புதைந்து நின்றது. அவரை மோதாமல் தப்பியது என் நல்லகாலம்.

அவர் ஓடி வந்து என் கையுறைகளைக் கழற்றினார். விரல்நுனிகள் மெழுகுவர்த்தியைப் போல வெளுத்திருந்தன. நான் பதறிப்போய்க் கைகளைத் தேய்க்கத் தொடங்கினேன். “தேய்க்காதே, தோல் புண்ணாகிவிடும்,” என்று தடுத்தார். இயந்திரத்தின் சூட்டில் காட்டலாமா என்று கேட்டேன். “உணர்வில்லாத விரலுக்குச் சுடுவதும் தெரியாது,” என்றார். பிறகு தம் மேலங்கியைத் திறந்து, என் இரு கைகளையும் தம் அக்குள்களில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தக் குளிரில் தம் உடல் வெப்பத்தை எனக்குத் தந்தபடி அவர் அசையாமல் நின்றார்.

சில நிமிடங்களில் உணர்வு திரும்பியது. கூடவே தாங்க முடியாத வலியும் வந்தது. என் கண்கள் கலங்கின.

“வலிக்கிறதா?” என்று கேட்டார்.

“மிகவும் வலிக்கிறது.”

“நல்லது,” என்று புன்னகைத்தார்.

பழைய கையுறைகளை எனக்கு மாட்டிவிட்டு, தம் ஊர்தியில் தமக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தார். என் ஊர்தியைப் பிறகு வந்து மீட்டார்கள்.

குடிலில் அடுப்பு மூட்டிய பிறகு, என் தவறுகளை ஒவ்வொன்றாக விளக்கினார். குளிர் கடுமையானால் உடல், இதயத்தையும் மற்ற உள்ளுறுப்புகளையும் காப்பதற்காக விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். இறுக்கமான கையுறை அந்தக் கொஞ்ச இரத்தத்தையும் தடுக்கும். ஈரம் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிவிடும். கைப்பிடியின் சூடு உள்ளங்கையைத்தான் எட்டும். காற்று தாக்குவதோ புறங்கையை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அன்றைய குளிர் தோலுக்கு உறைநிலைக்குக் கீழே 35 பாகை போல இருக்கும். அந்தப் பழைய கையுறைகளுக்குள் விரல்கள் ஒன்றுக்கொன்று வெப்பம் தந்துகொள்ளும். உள்ளே மெல்லிய கம்பளி உறை, வெளியே காற்றும் நீரும் புகாத தோல் என்று இரண்டு அடுக்காக அணிவதே நல்லது. விரல்கள் குளிரத் தொடங்கியதுமே ஊர்தியை நிறுத்தி, கைகளைப் பெரிய வட்டமாகச் சுழற்ற வேண்டும். அப்போது இரத்தம் விரல்நுனிக்குப் பாயும்.

“வலி உன் நண்பன். அது பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. அது பேச்சை நிறுத்தினால்தான் ஆபத்து,” என்றார்.

மறுநாள், அவ்வூரிலுள்ள அருங்காட்சியகத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். அவ்வூரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, இளமை முதலே பனியில் ஓடும் வண்டியை உருவாக்க முயன்றவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் அவன் இறந்துபோனான். அந்தத் தந்தை சோர்ந்துவிடவில்லை. 1937இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஊர்திகள் மருத்துவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் பனியில் ஏற்றிச் சென்றன. நான் விளையாட்டாக ஓட்டியது போன்ற சிறிய ஊர்தி 1959இல் விற்பனைக்கு வந்தது.

அந்த வரலாற்றைக் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். குளிரில் ஓர் உயிரை இழந்த துயரத்தை அறிந்த ஊர் அது. அங்கே ஒருவர் ஒட்டுப் போட்ட கையுறையை நீட்டினால், அதில் எத்தனையோ குளிர்காலங்களின் அனுபவம் இருக்கும். நான் அதன் அழகை மட்டுமே பார்த்தேன்.

ஊர் திரும்பும்போது அந்தக் கையுறைகளை எனக்கே கொடுத்துவிட்டார். தைப்பிங்கில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆயினும், என் அலமாரியில் அவை இன்றும் இருக்கின்றன. ஏதேனும் ஒரு துன்பத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைக்கத் தோன்றும்போதெல்லாம், நான் அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். பிறகு, உரியவரிடம் சென்று, “எனக்கு வலிக்கிறது,” என்று சொல்லிவிடுவேன்.