ஓடாத படகும் வறண்ட ஆறும்



பாலாற்றங்கரையில் வாழும் பங்குத்தந்தை ஒருவர் படகு வாங்க ஆலோசித்தார் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் சீமைக்கருவேலுமே தென்படும் ஆறு அது. ஆயினும் சென்ற கோடையில் மூன்று வார காலம் நம் உறக்கத்தைக் கெடுத்தது ஒரு படகேயாகும்.

ஆம்பூரையடுத்து, மூடப்பட்டுவிட்ட தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கொட்டகையில் அது கிடந்தது. தொழில் செழித்திருந்த நாளில் முதலாளி ஆசையோடு வாங்கிய விரைவுப் படகு. நீரின்மேல் சறுக்கி விளையாடுவோரைக் கயிற்றால் இழுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்டது. தோல் உருட்டும் பெரிய மர உருளைகளுக்கு நடுவே, பத்தாண்டுகளுக்கு மேலாக ஓடாமல், தூசி படிந்து நின்றது. கேட்ட விலை 80,000 ரூபாய். நமது பங்கின் அவசர நிதியில் அப்போது இருந்ததோ 1,10,000 ரூபாய்.

இச்செய்தியைக் கொணர்ந்தவன் நமது இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவன். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது, லாரி டியூபில் மிதந்து சென்று, கரையோரக் குடிசையிலிருந்த மூதாட்டி ஒருவரை மீட்டு வந்தவன் அவன். திரும்பும் வழியில் டியூப் முள்ளில் கிழிந்தது. இருவரும் உயிர் தப்பியது அரிது. "சாமி, அன்னைக்கு ஒரு படகு இருந்திருந்தா!" என்று அவன் சொன்னபோது நமது மனம் இளகிவிட்டது.

அவன் கூற்றில் நியாயமில்லாமல் இல்லை. 1903 நவம்பரில் மைசூர் எல்லைக்குள் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். அதன் நினைவுத்தூண் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்கு விரைந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்ததை உலகமே கண்டது. நமது பங்கிலும் அப்படி ஒரு படகு நிற்பதாக நாம் கற்பனை செய்தோம். அக்கற்பனையில் அதன் அருகே நாமும் நின்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

வாங்குமுன், சென்னைக் காசிமேட்டில் படகு எஞ்சின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் எஞ்சினை முதலில் தொடவில்லை. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துப் படகின் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். பெரும்பாலான இடங்களில் கணீரென ஒலித்தது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையில் மட்டும் 'பொத்' என்றது. "மேலே ஃபைபர் நல்லாத்தான் இருக்கு சாமி. உள்ளே இருக்கிற பலகை ஊறி உளுத்துப் போச்சு. வேகமெடுத்தா எஞ்சின் பலகையோட கழண்டுடும்" என்றார்.

பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். அது அசையவில்லை. பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு இறுகியிருந்தது. "வாங்குற காசு சின்னது சாமி, ஓட வைக்கிற காசுதான் பெரிசு" என்று கூறியவர், சற்று நிறுத்தி நம்மைக் கேட்டார்: "சரி, ஓட வச்சிட்டீங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது தண்ணியில விட்டு ஓட்டணுமே, எங்கே ஓட்டுவீங்க?"

நாம் விடை கூறவில்லை. ஓடாத எஞ்சின் அழிகிறது; தேங்கிய பெட்ரோல் கெடுகிறது. ஓட்டிப் பழகாத கையோ வெள்ளத்தன்று நடுங்குகிறது. அன்றியும் அது ஏரியின் ஆழ்நீருக்காகச் செய்த படகு. பாலாற்று வெள்ளமோ மணற்குழியும் முட்புதரும் மிதக்கும் மரமும் நிறைந்தது. அதன் விசிறி முதற்புதரிலேயே சிக்கிக்கொள்ளும்.

அன்றிரவு 2021-ஆம் ஆண்டின் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினோம். நவம்பர் 19 அன்று, நமக்கு அண்மையிலுள்ள பேர்ணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். அவர்களை ஆறு கொண்டுபோகவில்லை. எந்தப் படகும் அவர்களைக் காத்திராது. தக்க வேளையில் வேறிடத்தில் உறங்க ஓர் இடம் கிடைத்திருந்தால், ஒருவேளை பிழைத்திருப்பர்.

மறு ஞாயிறு பங்குப் பேரவையில் இதனை எடுத்துரைத்தோம். படகு வேண்டாமென முடிவாயிற்று. தம்பி எழுந்து வெளியே சென்றுவிட்டான். அவனைத் தேடிச் சென்று, "படகு வேண்டாம் என்றோமே ஒழிய, நீ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை" என்றோம். இரண்டு நாள் அவன் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு குறிப்பேட்டோடு வந்தான்.

அவனும் நண்பர்களும் நமது பங்கின் தெருக்களில் மதவேறுபாடின்றி வீடுவீடாகச் சென்று, மழையில் நிற்காத சுவர்களைக் கணக்கெடுத்தனர். அவை பதினேழு வீடுகள். அவசர நிதியைக்கொண்டு பள்ளிக் கூடத்தின் கூரையைச் செப்பனிட்டு, பாய்களும் விளக்குகளும் வாங்கி வைத்தோம். காசிமேட்டுப் பெரியவர் வழியாக உயிர்காப்பு மேலங்கிகள் பன்னிரண்டும் நீண்ட கயிறுகளும் வந்து சேர்ந்தன. கனமழை எச்சரிக்கை வந்தால் எந்த வீட்டுக்கு யார் போய் அழைப்பது என்று பெயர்ப் பட்டியல் ஒன்று பங்கு இல்லத்துச் சுவரில் தொங்குகிறது. அதன் தலைப்பில் அத்தம்பியின் பெயர் உள்ளது.

நாம் செய்தது சரிதானா என்பதை அடுத்த பெருமழையே தீர்ப்பிட வேண்டும். அப்படகு இன்னும் அக்கொட்டகையில்தான் கிடக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம். ஆசை முற்றிலும் அகன்றுவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது.