நிரப்பாமல் விட்ட கட்டம்

நான் கணக்கு வாத்தியார். வகுப்புக்கென்று எழுதிய பாடங்களைப் பல ஆண்டுகளாகத் திறந்த உரிமத்தில் வெளியிட்டு வருகிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றியதை மறுபடி வெளியிடலாம். என் பெயரைக் குறிப்பிட்டால் போதும். இதைப் பெரிய தொண்டாக நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பாடங்கள் எந்த ஊரில், எப்படிப்பட்ட வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று ஒன்றில்கூட நான் குறித்து வைக்கவில்லை. அந்தத் தவற்றைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எழுத இடமில்லை என்று சொல்ல முடியாது. கற்றல் பொருள்களை விவரிப்பதற்காக 2002இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட தரநிலையில் ‘சூழல்’ என்ற கட்டம் பள்ளியா, உயர்கல்வியா, பயிற்சியா என்பதோடு நின்றுவிடும். ஆனால் அதே தரநிலையில் இன்னொரு கட்டமும் உண்டு. இந்தப் பாடம் எந்தக் காலத்துக்கு, எந்தப் பண்பாட்டுக்கு, எந்த நிலப்பகுதிக்கு உரியது என்று அது கேட்கும். நான் பதிவேற்றிய படிவத்திலும் அது இருந்தது. கட்டாயமில்லை என்பதால் தாண்டிப் போனேன். சில பாடங்களுக்கு ‘பொது’ என்று போட்டேன். வெறுமனே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘பொது’ என்பது பொய்.

சோம்பல் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பண்பாடு என்பது அடுத்தவரிடம் இருப்பது என்று நான் நம்பியது. அமெரிக்கப் பாடத்தில் பேஸ்பாலும் பனிப்பொழிவும் வந்தால் உடனே கண்ணில் உறுத்தும். என் பாடத்தில் வரும் ரேஷன் கடையும் சென்ட் கணக்கில் நிலமும் எனக்கு உறுத்தவில்லை. அவை வெறும் கணக்கு என்றே பட்டது. ஊரைக் குறிப்பிட்டால் பாடம் சின்னதாகத் தெரியும், எடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. பெயர் பரவ வேண்டும் என்ற ஆசை அது. மறைக்க விரும்பவில்லை.

மின்கட்டணத்தை வைத்து ஒரு பாடம் எழுதியிருந்தேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுப்பார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அதனால் பாடத்திலும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை யூனிட் என்ற கேள்விக்கு, 60ஆல் வகுத்து விடை போட்டிருந்தேன். இலங்கையின் வடக்கில் ஓர் ஆசிரியை இந்தப் பாடத்தை எடுத்து, கட்டண விகிதங்களை எல்லாம் தம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி வகுப்பில் கொடுத்திருக்கிறார். அங்கே பில் மாதா மாதம் வரும். பிள்ளைகள் வீட்டு பில்லைக் கொண்டுவந்து 60ஆல் வகுத்தார்கள். உண்மையான சராசரியில் பாதிதான் வந்தது. எங்கே பிழை என்று தேடி அவர் மெனக்கெட்ட பிறகே எனக்கு எழுதினார்: “சேர், இந்த 60 எங்கேயிருந்து வருது?” என் பாடத்தை நம்பி எடுத்தவருக்கு நான் கொடுத்த வேலை அது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கு அந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது.

இன்னொன்று சொல்வதற்கு இதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. அடுக்குகளைக் கற்பிக்க, ஆங்கிலத்தில் இருந்த ஒரு திறந்த பாடத்தை எடுத்துத் தமிழாக்கினேன். பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நான்கு பேர், அதற்கு முந்தைய தலைமுறையில் எட்டுப் பேர். தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகும். பெயர்களை மாற்றினேன், படத்தில் இருந்த பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டேன், பாடம் தமிழாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாணவி தன் குடும்பத்தை வரைந்து, மேல் வரிசையில் ஆறு பேரை மட்டும் எழுதிக் கொடுத்தாள். தப்பு என்று திருப்பிக் கொடுத்து, எட்டு வர வேண்டும், மறுபடி வரை என்றேன். அவளுடைய அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை. அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஒரே இணை. எட்டில் இரண்டு கழிய ஆறு. அவள் கணக்கு சரி. மாமன் மகளைக் கட்டுவது சாதாரணமாக நடக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த நான், எங்கோ எழுதிய ஒருவரின் குடும்ப வழக்கத்தை இயற்கை விதி என்று நம்பி, சரியாகச் செய்த பிள்ளையைத் திருத்தினேன். மூலப் பாடத்தை எழுதியவரும் அந்தக் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி ஒரு முரணைச் சொல்வார்: பாடம் ஒரு சூழலோடு எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கற்பிக்கும், ஆனால் வேறிடத்தில் பயன்படுத்துவது அவ்வளவு கடினம். மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் உரிமம் இதற்கு வழி என்பார். அனுமதி வேண்டும்தான். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று தெரியாதவருக்கு அனுமதி கொடுத்து என்ன பயன்? ஆப்பிரிக்க ஆசிரியர் பயிற்சிக்காக 2005இல் தொடங்கிய டெஸ்ஸா திட்டத்தில், அந்தந்த நாட்டுக் கல்வியாளர்களே பாடங்களைத் தங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தனியாக வேலை செய்யும் ஓர் ஆசிரியைக்கு, பாடத்தை எழுதியவர் விட்டுச் செல்லும் குறிப்புதான் துணை.

இப்போது ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அந்தக் குறிப்பை எழுதுகிறேன். மின்கட்டணப் பாடத்தில் இப்படி இருக்கிறது: “தமிழ்நாட்டுச் சிறுநகரப் பள்ளியின் எட்டாம் வகுப்புக்கு எழுதியது. மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 என்ற எண் அதிலிருந்து வருகிறது. முதல் 100 யூனிட்டைக் கழிப்பது இம்மாநில விதி. இவ்விரண்டையும் மாற்றினால் விடைகள் எல்லாம் மாறும். ஆட்களின் பெயர்களையும் கடைப் படத்தையும் எப்படி மாற்றினாலும் கணக்குக்குப் பாதகமில்லை.” எது அலங்காரம், எது கணக்கைத் தாங்குவது என்று பிரித்துச் சொல்வதுதான் இதில் முக்கியம். எழுதக் கால் மணி நேரம்கூட ஆகாது. எனக்கு ஆனது பல ஆண்டுகள்.

பழைய பாடங்களைத் திரும்பப் பெற வழியில்லை. கொடுத்த உரிமத்தை ரத்து செய்ய முடியாது, பிரதிகளும் எங்கெங்கோ போய்விட்டன. அவற்றில் ஒன்று உங்கள் கையில் இருந்தால், வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு விடையையும் உங்கள் ஊர் நடப்பை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளை வேறு விடை சொன்னால், முதலில் என் பாடத்தைச் சந்தேகியுங்கள்.