குறையைச் சொல்லி விற்றவர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை மலையைத் தொடும் இடத்தை அடிவாரம் என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வரும் வண்டிகளில் சில அங்கே சற்று நின்று போகும். சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை காற்றில் கலந்திருக்கும். அதை நுகரும்போதெல்லாம் தீராத பழைய கணக்கொன்று என் நினைவுக்கு வரும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர். "ஹஜ்ரத், அடிவாரத்தில் ஒரு காரைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் உடன் வரவேண்டும்" என்றார். காரைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றேன். "வியாபாரப் பாடம் நடத்தியவர் தாங்கள்தாமே!" என்று சிரித்தார்.

அது சாதாரணக் கார் அன்று. பந்தயத் தடத்தில் ஓட்டுவதையே முதல் நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்ட, ஆயினும் சாலையில் ஓட்டப் பதிவு பெற்ற, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். தரையை ஒட்டிய உடல், இறுக்கமான சஸ்பென்ஷன். நம் மாநிலத்துக்குக் கார்ப் பந்தயம் புதிதன்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயம் நடத்திற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. பந்தய வீரர் கரிவரதனின் நினைவாகக் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. பந்தயக்காரர் அல்லாதோரும் கட்டணம் செலுத்தித் தம் கார்களைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. இந்தக் காரும் அப்படி ஓடியதே.

விற்பவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். நாங்கள் வாய் திறக்குமுன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். எந்த நாளில் எத்தனை சுற்று ஓடியது, எப்போது என்ன மாற்றியது என்பதெல்லாம் அதில் இருந்தன. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்றும், ஈரமேறிய ஆயில் கடுஞ்சூட்டில் கொதித்தால் மிதி பிடிப்பின்றி உள்ளே இறங்கிவிடும் என்றும், ஆகவே அதை அடிக்கடி மாற்றியதாகவும் விளக்கினார். டயரில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை என்று காட்டினார். பிரேக் டிஸ்க்கில் மயிரிழை போன்ற வெப்பக் கீறல்கள் இருப்பதையும் மறைக்கவில்லை. கடைசியில், "ஒருமுறை வளைவில் சறுக்கி, பின்பக்கம் டயர் அடுக்கில் மோதியது. பம்பரை மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறேன். பார்த்தால் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்" என்றார்.

மறைந்திருக்கும் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐப் என்னும். வணிகர் வழக்கில் விலையைத் தாழ்த்துவது எதுவோ, அதுவே குறை. இறுக்கமான சஸ்பென்ஷன் அக்காரின் இயல்பு, குறையன்று. பெயின்டுக்குள் மறைந்த மோதலே குறை.

மாணவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இனிப் பாதி விலைக்குக் கேட்கலாம்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பழைய கணக்கை அவரிடம் சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என் ஸ்கூட்டரை அடிவாரத்துக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு விற்றேன். சூடேறினால் அதன் பிரேக் தளரும் என்பதை நான் அறிவேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்நாட்களில் நான் மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்ததும் இதே பாடம்தான். மலையிறங்கும்போது ஒரு வளைவில் விழுந்து அவர் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஓடிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "முன்னமே சொல்லியிருந்தா பிரேக்கை மாத்திட்டு ஓட்டியிருப்பேனே, பாய்" என்றார். பணம் திரும்பியது, கை முன்போல் ஆகவில்லை.

"தம்பி, குறைக்கு உரிய தொகையைக் குறைத்துக் கேள், அது உன் உரிமை. உண்மையைச் சொன்னதற்காக ஒரு ரூபாயும் குறைக்காதே. இன்று நீ அவருக்கு அபராதம் விதித்தால், நாளை அவர் இன்னொருவரிடம் வாயை மூடிக்கொள்வார்" என்றேன்.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு டிஸ்க்குக்கும் பின்பக்கச் சோதனைக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதை மட்டும் கழித்துக் கேட்டார். இளைஞர் இசைந்தார். பெயர் மாற்றப் படிவங்களில் கையொப்பமிடும்போது, பந்தய ஓட்டத்துக்கு வழக்கமான இன்சூரன்ஸ் பொருந்தாது என்பதையும் அவரே நினைவூட்டினார்.

திரும்பும் வழியில் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றேன். இப்போது அவர் வலக்கையால் கனம் தூக்குவதில்லை. அன்று நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் காருக்கு பிரேக் நல்லா பிடிக்குதா, பாய்?" என்று மட்டும் விசாரித்தார்.